மூன்று வயதுப் பிள்ளைக்கு என்ன தெரபி, அதில் அம்மாவுக்கு என்ன வேலை?

மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தங்கை கலிபோர்னியாவில் இருக்கிறார். இரண்டு வருடம் கணவரிடம் அடி வாங்கி, ஐந்து மாதத்துக்கு முன்பு மூன்று வயது மகனோடு தனியாக வந்துவிட்டார். பையன் இரவில் அலறி எழுகிறான். டேகேரில் மற்றப் பிள்ளைகளைக் கடிக்கிறான். அம்மாவையும் அடிக்கிறான், அடித்த கையோடு அவர் காலைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்கிறான். குழந்தை மருத்துவர் 'சைல்ட்-பேரன்ட் சைக்கோதெரபி' என்ற சிகிச்சைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். வாரம் ஒரு முறை, ஏறக்குறைய ஒரு வருடம், அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து போக வேண்டும். ஊரில் உங்கள் அம்மா, "சின்னப் புள்ளைதானே, தானா மறந்துடும், கிளறாதீங்க" என்கிறார். உங்களுக்கோ மூன்று சந்தேகம்: இந்த வயதுப் பிள்ளையிடம் என்ன பேசுவார்கள், தங்கையின் பழைய கதையை ஏன் கேட்கிறார்கள், இதற்கெல்லாம் ஆராய்ச்சி ஆதாரம் உண்டா.

நான் கலிபோர்னியாப் பக்கத்தில் பல வருடம் சிறு குழந்தைகளோடு வேலை பார்த்தவள். இந்த முறையிலேயே பதினெட்டு மாதப் பயிற்சியும் எடுத்திருக்கிறேன். அதனால் என் பேச்சில் கொஞ்சம் சாய்வு இருக்கும், கழித்துக்கொள்ளுங்கள்.

'மறந்துடும்' என்பதிலிருந்து தொடங்குகிறேன். மற்றத் தயக்கமெல்லாம் அதிலிருந்துதான் கிளம்புகிறது. உங்கள் அம்மா சொல்வது பாதி சரி. பையனுக்கு இருபது வயதாகும்போது அந்த வீட்டில் நடந்ததைக் கோவையாகச் சொல்ல அவனால் முடியாமல் போகலாம். ஆனால் சொல்லத் தெரியாமல் இருப்பது வேறு, மறந்துபோவது வேறு. லெனோர் டெர் என்ற சான் பிரான்சிஸ்கோ மனநல மருத்துவர் இதை நேரடியாகவே ஆராய்ந்தார். 1976-இல் கலிபோர்னியாவின் சௌசில்லா என்ற சிற்றூரில் ஒரு பள்ளிப் பேருந்தைக் கடத்தி, 26 பிள்ளைகளையும் ஓட்டுநரையும் மண்ணுக்குள் புதைத்திருந்த ஒரு லாரிப் பெட்டியில் அடைத்துவைத்தார்கள். எல்லோரும் உயிரோடு தப்பினார்கள். அந்தப் பிள்ளைகளை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்தவர் டெர். பிறகு 1988-இல், ஐந்து வயதுக்குள் ஏதோ ஒரு கொடுமைக்கு ஆளானதற்கு உறுதியான சான்று இருந்த 20 பிள்ளைகளைப் பற்றி எழுதினார். இரண்டரை, மூன்று வயதுக்கு முன்னால் நடந்ததைப் பெரும்பாலான பிள்ளைகளால் வார்த்தையில் முழுதாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் அவர்களுடைய விளையாட்டிலும் பயத்திலும் நடத்தையிலும் அது இருந்தது, நடந்ததோடு ஒத்தும் போனது. வாய் சொல்லாததைக் கையும் காலும் சொல்லிக்கொண்டிருந்தன.

உங்கள் தங்கை மகன் கடிப்பதையும் அலறுவதையும் அப்படிப் பாருங்கள். நெடுங்காலம் மருத்துவப் புத்தகங்களிலேயே இதற்கு இடம் இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர்கள் நோயைக் கண்டறியப் பயன்படுத்தும் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு 2013-இல் வந்தபோதுதான் ஆறு வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்கு என்று தனி அளவுகோல் சேர்த்தார்கள். பெரியவர்கள் மாதிரி "அந்தக் காட்சி கண் முன்னால் வந்து வந்து போகிறது" என்று பிள்ளை சொல்லாது. அதே விளையாட்டைத் திரும்பத் திரும்ப விளையாடும், கெட்ட கனவு காணும், சிடுசிடுக்கும். அந்தக் கனவில் அப்பா வர வேண்டும் என்றுகூட இல்லை. ஏதோ ஒரு மிருகம் துரத்தலாம். இதைத் தெரியாமல் எத்தனையோ பிள்ளைகளை 'அடங்காதவன்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊரில் "புள்ள பயந்துட்டான்" என்று சொல்லித் திருநீறு போட்டுவிடுவதையும், பள்ளிவாசலுக்குத் தூக்கிப் போய் மந்திரித்துக் கயிறு கட்டுவதையும் படித்தவர்கள் கிண்டல் செய்வார்கள். நான் செய்வதில்லை. அதில் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது: பிள்ளை பயந்திருக்கிறான் என்று பெரியவர்கள் வாய்விட்டு ஒப்புக்கொள்கிறார்கள், அம்மா மடியில் வைத்துக்கொண்டு உட்காருகிறாள். ஆனால் வீட்டுக்குள்ளேயே, அப்பாவாலேயே வந்த பயத்துக்கு அந்தச் சடங்கு கிடைப்பதில்லை. நாய் துரத்தினால் மந்திரிப்போம். அப்பா அடித்தால் வாயை மூடிக்கொள்வோம்.

சரி, அம்மா ஏன் கூட உட்கார வேண்டும்? ஒரு வயது, இரண்டு வயது, மூன்று வயதுப் பிள்ளைக்கு உலகம் பத்திரமானதா என்று தீர்மானிக்க வேறு வழி கிடையாது. அம்மா முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறது. வீட்டில் அடிதடி நடக்கும்போது இரண்டு அடி ஒன்றாக விழுகிறது. ஒன்று, காப்பாற்ற வேண்டியவரே பயமுறுத்துகிறவராக மாறுகிறார். இன்னொன்று, எதிலிருந்தும் என்னைக் காப்பாற்றுவாள் என்று நம்பிய அம்மா தரையில் விழுந்து கிடக்கிறாள். இரண்டாவது காயத்தை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. பையன் அம்மாவை அடித்துவிட்டு அவர் காலையே கட்டிக்கொள்வது இதனால்தான்: 'நீ ஏன் தடுக்கவில்லை' என்ற கோபமும் 'நீயும் போய்விடுவாயோ' என்ற பயமும் ஒரே நேரத்தில். வாரம் ஒரு மணி நேரம் ஒரு தெரபிஸ்ட் அந்தப் பிள்ளையோடு தனியாக விளையாடி இதைச் சரிசெய்ய முடியாது. அறுந்தது அம்மாவுக்கும் பிள்ளைக்கும் நடுவில் இருக்கும் இழை, முடிச்சும் அங்கேதான் போட வேண்டும்.

இந்த யோசனைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1970களில் மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பரில் செல்மா ஃப்ரைபெர்க் என்ற சமூகப் பணியாளரும் அவருடைய குழுவும் கைக்குழந்தைகள் உள்ள வீடுகளுக்கே போய் சிகிச்சை தந்தார்கள். சமையலறையில் உட்கார்ந்து, குழந்தை தவழ்ந்துகொண்டிருக்கும்போதே பேசுவார்கள். 1975-இல் அவர்கள் எழுதிய கட்டுரை ஒன்றில் ஐந்தரை மாதப் பெண்குழந்தை ஒன்று வருகிறது. குழந்தை வீறிட்டு அழுகிறது. தாய் அதைக் கேட்காதவர் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். அங்கே போனவர்கள் "இப்படியா பிள்ளை வளர்ப்பது" என்று கேட்கவில்லை. தன் குழந்தை அழுவது இந்தத் தாய்க்கு ஏன் கேட்கவில்லை என்று தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள். அந்தத் தாய் சிறுபிள்ளையாக இருந்தபோது அழுததை யாருமே கேட்கவில்லை என்பது மெல்ல மெல்லத் தெரிந்தது. அவர் தன் பழைய துக்கத்தை ஒருவரிடம் சொல்லி அழ முடிந்த பிறகு, குழந்தை அழுதபோது தானாகவே எடுத்து மார்போடு அணைக்கத் தொடங்கினார். பெற்றவர்களின் பழைய காலத்திலிருந்து அழைக்காமலே வந்து குழந்தையின் அறையில் குடியேறும் இந்த விருந்தாளிகளைத்தான் ஃப்ரைபெர்க் 'பேய்கள்' என்றார்.

ஃப்ரைபெர்க் பிறகு சான் பிரான்சிஸ்கோவின் பொது மருத்துவமனைக்கு வந்து இந்த வேலையைத் தொடர்ந்தார். 1981-இல் இறந்துபோனார். அதே மருத்துவமனையில், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சார்பில், அலிசியா லீபர்மேனும் பட்ரிசியா வான் ஹார்னும் அடிதடியும் இழப்பும் பார்த்த பிள்ளைகளுக்காக வளர்த்தெடுத்ததுதான் உங்கள் தங்கைக்கு எழுதிக்கொடுத்திருக்கும் சிகிச்சை. லீபர்மேன் பராகுவேயில் பிறந்து, ஜெருசலேமில் படித்து, அமெரிக்காவில் மேரி எய்ன்ஸ்வொர்த்திடம் ஆய்வு செய்தவர். குழந்தைக்கும் தாய்க்கும் உள்ள பிணைப்பைச் சோதித்துப் பார்க்க ஒரு முறையையே வகுத்தவர் எய்ன்ஸ்வொர்த். வேறு நாட்டிலிருந்து வந்து வேறு மொழியில் வாழ்கிற தாய்மாரை இவர்கள் தொடக்கத்திலிருந்தே மனதில் வைத்திருந்தார்கள். 1991-இல் வெளிவந்த அவர்களுடைய முதல் பரிசோதனையே மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்த, ஸ்பானிஷ் பேசுகிற, வருமானம் குறைந்த தாய்மாரோடுதான்.

இனி அறைக்குள் என்ன நடக்கும் என்பதற்கு வருகிறேன். முதல் நான்கைந்து வாரம் தெரபிஸ்ட் உங்கள் தங்கையைப் பெரும்பாலும் தனியாகத்தான் பார்ப்பார். பையனுக்கு என்னென்ன நடந்தது என்று ஒரு நீண்ட பட்டியலை வைத்துக்கொண்டு கேட்பார்: விபத்து, நாய்க்கடி, ஆஸ்பத்திரி, யாராவது திடீரென்று காணாமல் போனது, போலீஸ் வீட்டுக்கு வந்தது. பிறகு தங்கைக்கே என்னென்ன நடந்தது என்று கேட்பார். உங்களுக்கு எரிச்சல் வந்தது இதனால்தான். எனக்குப் புரிகிறது. நம் வீடுகளில் வெளியாளிடம் குடும்பக் கதை சொல்வதே தப்பு, அதிலும் கல்யாணத்துக்கு முந்தைய கதை என்றால் கேட்கவே வேண்டாம்.

ஒரு விஷயம் யோசித்துப் பாருங்கள். "அப்பனை உரிச்சு வெச்சிருக்கான்" என்று நாம் எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறோம்? உங்கள் தங்கைக்கு அந்த வாக்கியம் எப்படிக் கேட்கும்? பையன் கையை ஓங்கும்போது மூன்று வயதுக் கை என்று அவர் மூளைக்குத் தெரியும், உடம்புக்குத் தெரியாது. உடம்பு விறைத்துப்போகும், அல்லது தள்ளிவிடும். பையனுக்குத் தெரிவதெல்லாம் அம்மா முகம் மாறியது மட்டும்தான். தெரபிஸ்ட் தங்கையின் கதையைக் கேட்பது இந்த ஒரு நொடிக்காக. எது பையனுடைய கை, எது கணவனுடைய கை என்று பிரித்துப் பார்க்க அவருக்கு யாராவது துணை இருக்க வேண்டும்.

கேள்விகள் எல்லாமே துயரத்தைப் பற்றியவை என்றும் நினைக்க வேண்டாம். 2005-இல் லீபர்மேன் குழுவினர் ஃப்ரைபெர்க்கின் பேய்களுக்கு எதிர்ப்பாட்டாக 'தேவதைகள்' என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். சின்ன வயதில் உன்னை யாராவது முழு மனதோடு நேசித்தார்களா, அந்த ஞாபகம் ஒன்று சொல் என்று கேட்பார்கள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, சாம்பிராணிப் புகையில் தலை உலர்த்திய அம்மாச்சி ஒருத்தி பெரும்பாலான நம் பெண்களுக்கு இருப்பாள். அந்த அம்மாச்சியின் கையைத் தங்கை ஞாபகப்படுத்திக்கொள்ளும் நாளில் பையனைத் தொடும் விதமே மாறும். கேட்க ஏதோ கதை மாதிரி இருக்கும். நான் பார்த்திருக்கிறேன்.

அதன் பிறகு பையன் வருவான். பொம்மைகளை முன்கூட்டியே யோசித்துத்தான் எடுத்து வைத்திருப்பார்கள்: அப்பா, அம்மா, பிள்ளை பொம்மைகள், ஒரு வீடு, போலீஸ் கார், ஆம்புலன்ஸ், டாக்டர் பெட்டி, சாதுவான மிருகம், கடிக்கிற மிருகம், சமையல் சாமான். முதல் நாளே தெரபிஸ்ட் எதற்காக இங்கே வந்திருக்கிறோம் என்று பையனிடம் சொல்லிவிடுவார். என்ன வார்த்தையில் சொல்வது என்று தங்கையோடு பேசி முடிவு செய்த பிறகுதான் சொல்வார். ஏறக்குறைய இப்படி: "அப்பா அம்மாவை அடிச்சதை நீ பார்த்தேன்னு அம்மா சொன்னாங்க. ரொம்ப பயமா இருந்திருக்கும். இப்போ ராத்திரி தூக்கம் வரல, கோபம் கோபமா வருது. இங்கே அம்மாவும் நீயும் விளையாடலாம், பேசலாம். எப்படிப் பயம் போகும்னு நாம மூணு பேரும் சேர்ந்து பார்க்கலாம்." நடந்தது, அதனால் உனக்கு ஆவது, இங்கே கிடைக்கிற உதவி. இந்த மூன்று மட்டும்தான். பையனைக் கேள்வி கேட்டுக் குடைவதில்லை, 'அப்புறம் என்ன ஆச்சு, சொல்லு' என்று வற்புறுத்துவதும் இல்லை.

'கிளறினால் மோசமாகாதா' என்ற பயத்துக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. பெரியவர்கள் பேசாமல் இருந்தால் பிள்ளை யோசிக்காமல் இருக்கிறான் என்று அர்த்தமில்லை. தனியாக யோசிக்கிறான், அதுவும் மூன்று வயது மூளையை வைத்துக்கொண்டு. அந்த வயதில் எல்லாம் தன்னைச் சுற்றித்தான் நடக்கிறது. 'நான் பாலைக் கொட்டினேன், அதனால்தான் அப்பா அடித்தார்' என்று ஒரு கணக்குப் போட்டு வைத்திருப்பான். அது வெளியே வந்தால்தானே "இல்லடா கண்ணா, நீ எதுவும் செய்யல" என்று அம்மா சொல்ல முடியும்?

ஒரு காட்சி சொல்கிறேன். எந்த ஒரு பிள்ளையுடையதும் அல்ல, பல பிள்ளைகளிடம் பார்த்ததைச் சேர்த்துச் சொல்கிறேன். பையன் போலீஸ் காரை எடுத்து வீட்டின் மேல் மோதுகிறான். திரும்பத் திரும்ப மோதுகிறான். அம்மா பொம்மை கீழே விழுகிறது. உண்மையான அம்மா சங்கடப்பட்டு, "வேண்டாம்டா, கார் உடைஞ்சிடும், வா பழம் வெட்டி விளையாடலாம்" என்கிறார். தெரபிஸ்ட் அவரைத் திருத்துவதில்லை. "இதைப் பார்க்க அம்மாவுக்கும் கஷ்டமா இருக்கு போல" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, "அம்மா பொம்மை விழுந்துடுச்சே, இப்போ அதுக்கு என்ன செய்யலாம்?" என்று பொதுவாகக் கேட்கிறார். எட்டு வாரம் கழித்தோ பன்னிரண்டு வாரம் கழித்தோ ஒரு நாள் அதே விளையாட்டில் பையன் ஆம்புலன்ஸைக் கொண்டு வருவான். இன்னொரு நாள் அம்மா பொம்மையை எழுந்து நிற்க வைத்து, "நிறுத்து!" என்று கத்த வைப்பான். அப்போது அம்மாவுக்குக் கண் கலங்கும். தெரபிஸ்ட் செய்கிற வேலையில் பாதி மொழிபெயர்ப்புதான்: பிள்ளை செய்வதை அம்மாவுக்கும், அம்மாவின் முகத்தைப் பிள்ளைக்கும்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், உங்கள் குடும்பத்தில் இது இடிக்கும். பையன் அப்பாவைத் தேடுவான். "அப்பா எப்போ வருவாரு?" என்பான். தெரபிஸ்ட் அந்த ஏக்கத்துக்கும் இடம் கொடுப்பார். அப்பா அடித்தது தப்பு, அப்பாமேல் ஆசை இருப்பது தப்பில்லை, இரண்டும் ஒரே பையனுக்குள் இருக்கலாம் என்று சொல்வார். அப்போது தயவுசெய்து யாரும் "அந்த ராட்சசனை நினைக்காதே" என்று சொல்லாதீர்கள். தானும் பாதி அந்த ராட்சசன்தான் என்று பிள்ளைக்கு நாம் சொல்லிக் கொடுத்தது போலாகும்.

ஆதாரம் கேட்டீர்கள். 2005-இல் வெளிவந்த ஆய்வு உங்கள் தங்கையின் நிலைமைக்கு மிக நெருக்கமானது. மூன்றிலிருந்து ஐந்து வயது வரை உள்ள, அப்பா அம்மாவை அடிப்பதைப் பார்த்த பிள்ளைகளும் அவர்களுடைய தாய்மாரும் 75 ஜோடி. குலுக்கல் போல் பிரித்து ஒரு பகுதியினருக்கு ஒரு வருடம் வாராவாரம் இந்தச் சிகிச்சை, மற்றவர்களுக்கு வழக்கமான உதவி ஏற்பாடுகள். சிகிச்சை பெற்ற பிள்ளைகளிடம் நடத்தைச் சிக்கல்களும் அதிர்ச்சியின் அறிகுறிகளும் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் குறைந்தன. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் பிள்ளைகளின் முன்னேற்றம் நிலைத்திருந்தது, தாய்மாரின் மனத்துயரும் குறைந்திருந்தது. 2011-இல் அதே தரவைத் திரும்ப அலசியபோது, நான்கும் அதற்கு மேலும் கொடுமைகளைச் சந்தித்த பிள்ளைகளுக்குக்கூட நல்ல பலன் இருந்தது தெரிந்தது.

நியூயார்க் மாநிலத்து ரோச்செஸ்டரில் டான்டே சிக்கெட்டி குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கடினமான இடத்தில் நடந்தது. பிள்ளைகளுக்குக் கொடுமையோ புறக்கணிப்போ நடந்த வீடுகளின் ஒரு வயதுக் குழந்தைகள் அவர்கள். தொடக்கத்தில் தாயோடு பத்திரமான பிணைப்பு இருந்த குழந்தைகள் இந்தச் சிகிச்சைப் பிரிவில் 3.1 விழுக்காடு மட்டுமே. முடிவில் 60.7 விழுக்காடு. வழக்கமான உதவி மட்டும் பெற்றவர்களிடம் 1.9 விழுக்காடு.

ஆனால் அதே ஆய்வில், வீட்டுக்கே போய்ப் பிள்ளை வளர்ப்புத் திறனைச் சொல்லித்தந்த மூன்றாவது பிரிவும் 54.5 விழுக்காட்டை எட்டியது. அதாவது கடந்த காலத்தைத் தொடாமலே ஏறக்குறைய அதே பலன். ஒரு வருடம் கழித்துத் திரும்பப் பார்த்தபோது சைக்கோதெரபி பெற்றவர்களிடம்தான் அது கூடுதலாக நிலைத்திருந்தது என்பது பிறகு வந்த செய்தி. மொத்தத்தில் ஆய்வுகள் சிறியவை, முக்கியமான சிலவற்றை நடத்தியவர்களும் முறையை உருவாக்கியவர்களே. இதை மறைத்துப் பேசுகிற யாரையும் நம்பாதீர்கள். என்னைக் கேட்டால், ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு, அதுவும் வீட்டு வன்முறைக்கு, கையில் இருப்பதில் இதுதான் சரியான பொருத்தம்.

வேறு முறைகளும் உண்டு. மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு அதிர்ச்சியை மையமாகக் கொண்ட ஒரு நடத்தைச் சிகிச்சை இருக்கிறது, மூன்று நான்கு மாதத்தில் முடிந்துவிடும், வார்த்தையில் ஓரளவு கதை சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு நன்றாக வேலை செய்யும். காதில் சின்ன இயர்போன் மாட்டிக்கொண்டு அம்மா பிள்ளையோடு விளையாட, கண்ணாடிக்குப் பின்னால் இருந்து தெரபிஸ்ட் சொல்லித்தருகிற முறை ஒன்றும் உண்டு. அடம், கடி, உதை பெரிய பிரச்சினையாக இருந்தால் அது கைகொடுக்கும். தங்கைக்கு ஒரு வருடம் வாராவாரம் போவது உண்மையிலேயே முடியாது என்றால் இவற்றைப் பற்றிக் கேட்கலாம், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. மூன்று வயதுப் பையனுக்கு எடுத்த எடுப்பில் மாத்திரை எழுதுகிறவரிடம் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

எந்தச் சிகிச்சைக்கும் முன்னால் ஒரு நிபந்தனை உண்டு: அடி நின்றிருக்க வேண்டும். கணவர் இன்னும் வாசலில் வந்து நிற்கிறார், போனில் மிரட்டுகிறார் என்றால் முதல் வேலை பாதுகாப்புதான், தெரபிஸ்ட்டும் அதைத்தான் முதலில் பேசுவார். பயம் உண்மையாக இருக்கும்போது 'பயப்படாதே' என்று பிள்ளைக்குச் சொல்லித்தருவது பொய். இன்னொரு சங்கதி: கலிபோர்னியாவில் குழந்தைக்குக் கொடுமை நடக்கிறது என்று நியாயமான சந்தேகம் வந்தால் தெரபிஸ்ட் அதிகாரிகளுக்குச் சொல்லியே ஆக வேண்டும், சட்டம் அப்படி. முதல் சந்திப்பிலேயே இதை விளக்குவார்கள். விளக்காவிட்டால் தங்கையே கேட்டுக்கொள்ளட்டும். குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்ற வழக்கில் தெரபிஸ்ட்டை நடுவராக எதிர்பார்க்க வேண்டாம், அந்த வேலைக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

செலவைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் யோசித்திருப்பீர்கள். தங்கைக்கும் பையனுக்கும் மெடி-கால் (வருமானம் குறைந்தவர்களுக்கான கலிபோர்னியா அரசின் மருத்துவக் காப்பீடு) இருந்தால், பெற்றோரையும் பிள்ளையையும் சேர்த்துப் பார்க்கும் சேவைகளை 2023 ஜனவரியிலிருந்து அது தனிப் பிரிவாகவே ஏற்றுக்கொள்கிறது. குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான மாநில இழப்பீட்டு வாரியம் ஒன்றும் உண்டு. வீட்டு வன்முறையில் பாதிக்கப்பட்ட தாய்க்கும் அதைப் பார்த்த பிள்ளைக்கும் மனநலச் சிகிச்சைச் செலவு கேட்டு அதில் விண்ணப்பிக்கலாம். குடியுரிமை இல்லை என்பது தடையில்லை. வேலை விசாவில் வந்தவரின் மனைவிக்குக் கிடைக்கும் ஹெச்-4 விசாவில் இருப்பதால் எதுவும் கிடைக்காது என்று யாராவது சொல்லியிருந்தால் அதை அப்படியே நம்பிவிட வேண்டாம்.

தமிழ் தெரிந்த தெரபிஸ்ட் கிடைப்பது கஷ்டம். தங்கைக்கு ஆங்கிலம் சரளமாக வந்தாலும், அழுகை வரும்போது வருகிற மொழி வேறு. அந்த நேரத்தில் தமிழிலேயே சொல்லிவிட்டுப் பிறகு விளக்கலாமா என்று முதல் வாரமே கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எந்த நல்ல தெரபிஸ்ட்டும் மறுக்க மாட்டார். பையனிடம் தமிழில்தான் பேசுகிறார் என்றால் அறைக்குள்ளும் தமிழிலேயே பேசட்டும். "பயமா இருக்கா கண்ணா" என்பது அவனுக்கு எந்த மொழியில் கேட்டுப் பழக்கமோ அந்த மொழியில் கேட்பதுதான் நல்லது.

அப்புறம், முதல் இரண்டு மூன்று மாதம் பையன் முன்னைவிடக் கூடுதலாகப் படுத்தலாம். மூடி வைத்திருந்ததைத் திறக்கிறான், பயந்து நிறுத்திவிட வேண்டாம், தெரபிஸ்ட்டிடம் சொன்னால் போதும். சந்திப்பு நேரத்தை அவன் தூங்கும் நேரத்திலோ பசி நேரத்திலோ வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்து வெளியே வந்ததும் நேராக டேகேரில் கொண்டுபோய் விடாமல், காரிலேயே ஒரு அரை மணி நேரம் அம்மாவோடு உட்கார்ந்து ஏதாவது தின்னட்டும். நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது: அந்த நாளின் இரவில் தங்கைக்கு ஒரு போன் போடுங்கள். என்ன பேசினீர்கள் என்று கேட்க வேண்டாம். சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.